மண்ணின் காவலருக்குப் பொன்னாடை

பொன்னம்பலத்தார் குனிந்து ஒரு புல்லுப் பிடுங்கியதை அவர் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கிற மல்வேர்னில் கண்டவர்கள் கிடையாது. ஆனால் இயற்கை விவசாயத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் மைக்கை இலேசில் விடமாட்டார். கலியாண வீடென்றாலும் சரி, செத்தவீட்டு அந்தியேட்டியென்றாலும் சரி, பந்திக்கு முதல் மண்வளத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் மனுசனுக்குச் சோறு இறங்காது. பேசி முடிந்ததும் கையோடு கொண்டுவந்த பையைத் திறந்து, "என்ர தோட்டத்துக் கத்தரிக்காய். நஞ்சு படாதது" என்று அள்ளி அள்ளிக் கொடுப்பார். அதை நட்டதும் காய்க்க வைத்ததும் அவருடைய மனைவி பாலேஸ்வரி. பையைத் தூக்கியது மட்டும்தான் அவர்.

பாலேஸ்வரிக்குப் பேச எங்கே நேரம்? டேகெயரில் வேலை முடிந்தால் நேரே வீட்டுப் பின்வளவுதான். வீடு கட்டினவர்கள் விட்டுப்போன களிமண்ணும் கல்லுமாய்க் கிடந்த நிலம் அது. சருகு, தேயிலைச் சக்கை, முட்டைக்கோது என்று வருசக்கணக்காய்ப் போட்டுப் போட்டு அதைப் பொலபொலவென்று ஆக்கி வைத்திருந்தாள். கையை விட்டால் மணிக்கட்டு வரை போகும், மண்புழு நெளியும். களைக்கு அவள் ஒருநாளும் மருந்து தேடியதில்லை. காட்போட் மட்டையை விரித்து மேலே சருகைப் பரப்பி விடுவாள். வெளிச்சமே படாத இடத்தில் களை எப்படித் தலைகாட்டும்?

இந்த வருசம் நாற்று நட்ட கையோடு அவள் மொன்றியலுக்குப் போகவேண்டி வந்தது. தங்கச்சியின் மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பத்தியக்கறி வைக்க ஆள் இல்லை.

"இஞ்சருங்கோ, தண்ணி மட்டும் விட்டால் காணும். மூடி வைச்சிருக்கிறதைக் கிளறிப் போடாதேங்கோ" என்றாள்.

"தோட்டத்தைப் பற்றி எனக்கே சொல்லித் தாறீர்?" என்று சிரித்தார் பொன்னம்பலத்தார்.

அவள் போன கையோடு ஊர் ஒன்றியத் தலைவர் றமேஸ் போன் எடுத்தான். ஒன்றியம் அவருக்கு 'மண்ணின் காவலர்' என்று பட்டம் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறதாம்.

"உங்கட தோட்டத்திலயே வைச்சுச் செய்வம் அண்ணை. பேஸ்புக்கில லைவ் போடுறம். உலகமே பாக்கட்டும்."

பொன்னம்பலத்தாருக்கு நெஞ்சு விம்மிவிட்டது. பின்கதவைத் திறந்துகொண்டு போய்த் தோட்டத்தைப் பார்த்தார். இத்தனை வருசத்தில் அதை ஒழுங்காய்ப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். மண்ணிறச் சருகு. அதற்குள்ளிருந்து ரீவீ வந்த பெட்டியின் மட்டை எட்டிப் பார்த்தது.

"ஐயோ, சனம் பாத்தால் குப்பைமேடு எண்டெல்லோ சொல்லும்!"

துப்புரவு என்றால் யாழ்ப்பாணத்து மனுசருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். கூட்டின முற்றம். ஒரு சருகு கிடக்கக்கூடாது, விளக்குமாற்றுக் கோடு மட்டும் தெரியவேண்டும். முற்றத்துக்கு அது அழகுதான், ஆர் இல்லையென்றது? பொன்னம்பலத்தார் தமிழ்க்கடையில் புது ஈர்க்குமாறு வாங்கி வந்து கத்தரிப்பாத்தியையும் அப்படியே கூட்டினார். மட்டையும் சருகும் கடதாசிப் பைகளில் ஏறித் தெருவோரம் போயின. கறுத்த மண் மொட்டையாய்க் கிடந்தது. படம் எடுத்து றமேசுக்கு அனுப்பினார், அவன் கும்பிடுகிற கை இமோஜி போட்டுப் பதில் அனுப்பினான்.

மொட்டை மண் சும்மா கிடக்குமா? ஒரு மழை, பின்னால் நல்ல வெயில். கலியாணக் காட் கொடுத்து அழைத்த சனம் மாதிரிக் களை குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டது. டான்டிலயன் ஒரு பக்கம், முள்ளுப் பூண்டு ஒரு பக்கம், பயற்றங்கொடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேர் தெரியாத ஒரு கொடி. பொன்னம்பலத்தார் வாழ்க்கையில் முதல்தடவையாகக் குனிந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டது. தைலத்தைப் பூசிக்கொண்டு கட்டிலில் கிடந்தபடி போனில் ஒரு வீடியோ பார்த்தார். வினாகிரி, உப்பு, பாத்திரம் கழுவுகிற சோப். கலந்து ஊற்றினால் களை கருகிவிடுமாம்.

"எல்லாம் குசினிச் சாமான். இதைவிட இயற்கை வேற என்ன கிடக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

குசினி உப்பு அவ்வளவுக்குக் காணாது. கராஜில் பனிக்காலத்துக்கு வாங்கி மிஞ்சின மூடை இருந்தது, கார்ப்பாதையில் ஐஸ் உருகப் போடுகிற உப்பு. உப்பு உப்புத்தானே என்று அதைக் கரைத்து ஊற்றினார். அடுத்தநாள் களை வாடிச் சுருண்டு கிடந்ததைக் கண்ட சந்தோசத்தில் இன்னொருமுறையும் தாராளமாய் ஊற்றினார். பிறகு கத்தரியும் சுருண்டது, பயற்றை தலையைத் தொங்கப்போட்டது. பாவம், தாகமாக்கும் என்று ஹோசைத் திறந்துவிட்டார். உப்பு வேர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

விழாவுக்கு முதல்நாள் பாலேஸ்வரி வந்து இறங்கினாள். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை, நேரே பின்வளவுக்குப் போனாள். ஒரு பிடி மண்ணைக் கிளறினாள், இன்னோரிடத்தில் கிளறினாள். ஒரு மண்புழு இல்லை. காய்ந்த இடங்களில் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதாள்.

"செடி போனால் போகட்டும், வாங்கலாம். இந்த மண்ணை எனக்கு ஆர் திருப்பித் தாறது?"

பொன்னம்பலத்தாருக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் விடிந்தால் பட்டம்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் வாயைத் திறவாதையும் பாலேஸ். என்ர மானம் போயிடும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சட்டியில் வளர்ந்த தக்காளியும் கத்தரியும் வாங்கிவந்தார். பாத்தியில் குழி தோண்டிச் சட்டியோடு இறக்கி, விளிம்பை மண்ணால் மூடினார். வெள்ளையாய்ப் பூத்திருந்ததையும் ஈர்க்குமாற்றால் கூட்டிக் கலைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்வளவு நிறையச் சனம்.

"என்ன துப்புரவு பாருங்கோ! மருந்துக்கும் ஒரு களை இல்லை!"

"இதெல்லோ தோட்டம்!"

வாழ்த்துப்பா வாசித்தார்கள். பட்டம் பொறித்த கேடயம் வந்தது. கொளுத்துகிற வெயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னம்பலத்தார் மைக்கைப் பிடித்து, மண் எங்கள் தாய் என்று தொடங்கி முக்கால் மணித்தியாலம் பேசினார். றமேசுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "அண்ணையின்ர இந்தப் பொன்னான மண்ணில ஆளுக்கு ஒரு பிடி கொண்டுபோய் எங்கட தோட்டத்தில போடுவம்!" என்றான்.

சனம் சும்மா நிற்குமா? வடை கட்டிக்கொண்டு போக வைத்திருந்த பிளாஸ்டிக் பைகள் கைக்குக் கை மாறின. வரிசை மதில்வேலி வரை நீண்டது. பாலேஸ்வரி தண்ணீர்த் தட்டோடு நின்று பொன்னம்பலத்தாரையே பார்த்தாள். இப்போதாவது சொல்லுவார், ஊரார் தோட்டத்தையாவது தப்ப விடுவார் என்று பார்த்தாள். அவர் பொன்னாடையை இழுத்துச் சரிசெய்தார்.

"கொண்டுபோங்கோ, தாராளமாய்க் கொண்டுபோங்கோ" என்றார்.

முதல் பிடியை றமேஸ்தான் வாங்கினான். பக்தியோடு நெற்றியில் ஒற்றி, கோயிலில் திருநீற்றை ஒரு கிள்ளு வாயில் போடுவது போல அதையும் போட்டுக்கொண்டான். போட்டவனுடைய முகம் கோணியது. நாக்கை நீட்டினான், காறினான்.

"அண்ணை, என்னண்ணை இது, ஒரே கரிப்பு!"

"துப்புங்கோ தம்பி" என்றாள் பாலேஸ்வரி, தட்டைக் கீழே வைத்துவிட்டு. "விழுங்கிப்போடாதேங்கோ. அது றோட்டுக்குப் போடுற உப்பு. களையோட சேத்து என்ர மண்ணையும் சாக்காட்டிப் போட்டார். தக்காளியை இழுத்துப் பாருங்கோ, சட்டியோட வரும்."

ஒரு பெண் குனிந்து இழுத்தாள். சட்டியோடு வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னம்பலத்தாரை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. மெல்ல மெல்ல ஒவ்வொருவராய் வந்து பாத்தியிலேயே பையைக் கவிழ்க்கப் போனார்கள்.

"அதுக்குள்ள கொட்டாதேங்கோ!" என்று பாலேஸ்வரி சத்தம் போட்டாள். குப்பைவாளியை இழுத்துவந்து நடுவில் வைத்தாள். "இதுக்குள்ள போடுங்கோ."

பிறகு கராஜுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்து கணவனிடம் நீட்டினாள்.

"மிச்சத்தை நீங்கள் அள்ளுங்கோ காவலரே. முழங்கால் ஆழத்துக்கு."

பொன்னம்பலத்தார் சுற்றிவரப் பார்த்தார். தப்ப வழி தெரியவில்லை. கேடயத்தைப் புல்லில் வைத்துவிட்டுப் பொன்னாடையோடு குனிந்தார். றமேஸ் வாய் கொப்பளிக்க ஓடிய அவசரத்தில் போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தான். லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.