ஃபோர்க் மாற்றிய வண்டியில் சந்திரமதி

டெலானிபூர் குவார்ட்டர்ஸில் யார் வீட்டு ஃபேன் சத்தம் போட்டாலும், யார் வீட்டு மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டாலும் முதலில் சிவஞானத்தைத்தான் கூப்பிடுவார்கள். கப்பல் டிக்கெட் கவுன்டரில் உட்காருவது அவனுக்குச் சம்பளத்துக்காக. ஸ்பேனர் பிடிப்பதுதான் உயிர். அப்பேர்ப்பட்ட மனுஷன் பெண்டாட்டி ஓட்டுகிற பைக்கில் போய்க் கோட்டை விட்டான்.

சந்திரமதிக்குக் கால்நடைத் துறையில் வேலை. வாரத்தில் நாலைந்து நாள், தடுப்பூசி ஐஸ் பெட்டியைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு, சாத்தம் ஜெட்டியில் வண்டியோடு ஃபெர்ரி ஏறி, பாம்பூஃப்ளாட்டில் இறங்கி, ஃபெரார்கஞ்ச் பக்கத்து மேடு பள்ளமெல்லாம் கொட்டில் கொட்டிலாகப் போவாள். உப்புக் காற்றில் அந்த பைக்கின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் பொத்தல் பொத்தலாக அரித்து, ஆயில் ஒழுக ஆரம்பித்திருந்தது. சிவஞானம் சென்னையிலிருந்து கப்பலில் தீவுக்கு வேறு ஜோடி வரவழைத்தான். வந்தது அடுத்த மாடலுடையது. பழசைவிட ஒரு சுண்டுவிரல் அகலம் நீளம். திருப்பி அனுப்பினால் மெயின்லேண்ட் போய் வர ஒரு மாதமாவது ஆகும். அதனால் வண்டியின் முன்பக்கம் பழைய உயரத்திலேயே நிற்கும்படி, குழாய்களை, அவற்றைக் கவ்விப் பிடிக்கும் மேல் கிளாம்புக்கு வெளியே பன்னிரண்டு மில்லிமீட்டர் நீட்டிவிட்டு மாட்டினான். ஸ்கேல் வைத்து மூன்று முறை அளந்தான். டெய்ரி ஃபார்ம் வரை ஓட்டிப் பார்த்தான். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் திங்கட்கிழமை காலை சாவியை அவளிடம் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் சந்திரமதி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "என்னங்க, வளைவுல நான் திருப்புறதுக்கு முந்தியே வண்டி உள்ள சாயுது. இறக்கத்துல ஹேண்டில் உதறுது."

"அந்தப் பக்கம் ராஸ்தாவே கராப். மழையில ரோடெல்லாம் பேந்து கிடக்கு," என்றான் அவன். "நீ ஹேண்டிலை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிற. கையை லூசா வை, சரியாயிடும்."

"டீக் ஹை, சரிங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். செவ்வாயும் புதனும் வாயே திறக்கவில்லை. சரியாகிவிட்டது என்று சிவஞானம் எடுத்துக்கொண்டான். தான் சொன்னது பலித்ததாக நினைப்பதில் நம்ம ஆளுக்கு ஈடு கிடையாது.

வியாழக்கிழமை அவளுக்கு லீவு. மறுநாள் வெள்ளிக்கிழமை அறுபது மாடுகளுக்கு ஊசி. இருப்பதிலேயே தூரமான சுற்று, வளைவு அதிகமான ரோடு. சிவஞானத்தின் ஸ்கூட்டர் பஞ்சராகிக் கிடந்ததால், ஃபெரார்கஞ்சில் ஒருவர் வீட்டு மோட்டாரைப் பார்க்க அவளுடைய பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஐஸ் பெட்டியை அவிழ்க்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டான்.

பாம்பூஃப்ளாட் தாண்டி இரண்டாவது இறக்கம். இடது வளைவு. அவன் லேசாகத்தான் சாய்த்தான். வண்டி தானாகவே மீதியும் சாய்ந்தது. பதறி நிமிர்த்தியபோது ஹேண்டில் இரண்டு பக்கமும் உதற ஆரம்பித்தது. காலை ஊன்றி, செருப்பு அறுந்து, சாக்கடை ஓரத்தில் போய் நின்றான். வேகம் முப்பதுகூட இருக்காது.

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான். இதே ரோட்டில் மூன்று நாள், மழையில், பெட்டியோடு அவள் போய் வந்திருக்கிறாள். ஒரு ஊசி மருந்து பாட்டில் உடையவில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவனால் நம்ப முடியவில்லை. நாளைக்கும் எதுவும் சொல்லாமல் கிளம்பியிருப்பாளே என்று நினைத்ததும் எழுந்து வண்டியிடம் வந்தான்.

மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். பன்னிரண்டில் இருக்க வேண்டிய குழாய்கள் இரண்டும் முப்பதுக்கு மேல் ஏறி நின்றன. முன்பக்கம் அந்த அளவுக்குத் தாழ்ந்துவிட்டது. அதனால்தான் தொட்டால் திரும்புகிறது, இறக்கத்தில் உதறுகிறது. ஏன் ஏறியது என்பதும் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. கிரீஸ். இங்கே இரும்பைப் பிரித்தால் கிரீஸ் தடவாமல் யாரும் திரும்ப மாட்டுவதில்லை. ஜன்னல் கொக்கிக்குத் தடவுவார்கள், பூட்டுக்குத் தடவுவார்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் சிவஞானம் கிளாம்பின் உள்பக்கத்திலும் அப்பியிருந்தான். குழாயைக் கவ்விப் பிடிக்க வேண்டிய இடம் அது. ஒவ்வொரு பள்ளத்துக்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி மேலே ஏறியிருக்கிறது.

மோட்டாரைப் பார்க்கப் போகவில்லை. வண்டியை நடை வேகத்தில் ஓட்டி, ஃபெர்ரி ஏறி வீடு வந்து சேர்ந்தான். எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, குழாய்களை வெளியே எடுத்து, கிளாம்பைப் பெட்ரோல் துணியால் விரல் கிறீச்சிடும் வரை துடைத்தான். பன்னிரண்டு வைத்து இறுக்கி, வழுக்கினால் தெரியும்படி பெயின்டால் ஒரு கோடு போட்டான். முன் சக்கர அச்சைத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடி முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கினான். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் நேராக உட்கார்ந்த பிறகுதான் அச்சை முடுக்கினான். சந்திரமதி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கிறேன்," என்றான்.

அவள் பின்னால் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாத்தம் பக்கம் இறங்கும் ரோட்டில் போனார்கள். வளைவு வருவதற்கு முன்பே அவள் வேகத்தைக் குறைத்தாள்; தலை நிமிர்ந்து வளைவின் மறு முனையைப் பார்த்தாள்; ஒரு தோள் கொஞ்சம் தாழ்ந்தது. வண்டி அவள் பார்த்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவசரமில்லை, அலட்டல் இல்லை. இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறோம், நமக்கு இதில் பாதி வராது என்று சிவஞானம் மனதாரச் சொல்லிக்கொண்டான்.

"இதே வண்டியை மூணு நாள் எப்படி ஓட்டுன, சந்திரா?"

"நீங்க மாட்டினதாச்சே, தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்," என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குத்தான் கை மறந்துபோச்சு போலன்னு, தினம் அரை மணி முந்திப் போய், ஃபெர்ரி வர்ற வரைக்கும் ஜெட்டிக்கிட்ட வட்டம் வட்டமா ஓட்டிப் பழகினேன்."



"உன் கையில தப்பு இல்ல, சந்திரா. என் கையிலதான்," என்றான். காற்றில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ என்று, அவள் காதருகே குனிந்து இன்னொரு தடவையும் சொன்னான்.