நாலு நாட்டு கபாப்

டமார்!

தெருவே திரும்பிப் பார்த்தது. கபாப்காரி கம்பியும் கையுமாகப் பின்னால் தாவினாள். காலையில் கொழுந்தன் ஆணியடித்து மாட்டிய புதுப் பலகை, தள்ளுவண்டியின் கூரையிலிருந்து கழன்று நேராகக் கரியடுப்பின்மேல் உட்கார்ந்திருந்தது. 'துருக்கி, ஈரான், லெபனான், ஆப்கான்: நாலு நாட்டு கபாப்' என்ற சிவப்பு எழுத்துகளில் ஆப்கான் கருக ஆரம்பித்தது.

"ஆணி மட்டம், அண்ணி," என்றபடி கொழுந்தன் பலகையைத் தூக்கினான். "அங்கெல்லாம் ஸ்க்ரூதான் போடுவாங்க."

"அங்க அங்கன்னு இன்னொரு வாட்டி சொன்னே, கறிக்குப் பதிலா உன்னைக் கம்பியில குத்தி வாட்டிருவேன்!"

இன்றைக்குப் பார்த்தா இது? எதிரே புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக் கடைக்கான இடம் ஒன்று காலியாக இருந்தது. கட்டடத்தின் மேனேஜர் சாயங்காலம் வந்து ருசி பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த இடம் கிடைத்துவிட்டால் மழைக்கு ஓட வேண்டாம். நகராட்சி லாரி வரும்போதெல்லாம் எரிகிற அடுப்போடு வண்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு ஒளியவும் வேண்டாம். போன மாதம் அப்படி ஓடியதில் சூடுபட்ட முழங்கை இன்னும் ஆறவில்லை.

கொழுந்தனை விரட்டவும் வழியில்லை. "என் தம்பி வெளிநாட்டு கபாப்பையெல்லாம் கரைச்சுக் குடிச்சவன். அவன் சொல்றதக் கேளு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போய்விடுவார். அல்லாடுவது இவள்.

கொழுந்தன் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பி இரண்டு மாதம்தான் ஆகிறது. அவன் இருந்த ஊரில் ஒரே தெருவில் வரிசையாக கபாப் கடைகளாம், கடைக்கு ஒரு நாடாம். தானும் கபாப் லைனில்தான் இருந்ததாகச் சொல்வான். துருக்கிக்காரன் கறியை அடுக்கடுக்காகக் குத்தி நட்டமாக நிறுத்திச் சுழலவிட்டு, வெந்த ஓரத்தை மட்டும் சீவுவான். ஈரான்காரன் கொத்துக்கறியைப் பட்டைக் கம்பியில் பிடித்து வாட்டி, சோற்றோடும் சுட்ட தக்காளியோடும் தருவான். லெபனான்காரன் பூண்டு விழுது தடவி மெல்லிசு ரொட்டியில் சுருட்டுவான். ஆப்கான்காரன் கறித்துண்டுகளுக்கு நடுவே கொழுப்புத் துண்டைக் கோப்பான்.

சொல்வது சுலபம். வண்டியில் கரண்ட் ஏது? துருக்கிக் கம்பியைக் கையால் சுற்றிச் சுற்றி இவளுக்கு மணிக்கட்டு கழன்றது. ஈரான் கொத்துக்கறி கம்பியை விட்டு நழுவிக் கரியிலே விழுந்து சாம்பலானது. "நம்ம பழைய கபாப் என்னிக்கும்மா திரும்பி வரும்?" என்று பாங்க் வாட்ச்மேன் தினமும் கேட்டுவிட்டு, தெருமுனையில் கபாப் போடும் வண்டிக்காரனிடம் போய்விடுவார்.

இவ்வளவு பாடுபட்டும் கொழுந்தன் மூக்கை நீட்டி மோந்து பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான். "வாசனை வரல, அண்ணி." சுருட்டிய ரொட்டியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பான். "கனமும் சரியில்ல."

"வாயில போட்டுப் பாத்துச் சொல்லேன் ராசா!"

"ஐயையோ! வேலை நேரத்துல சரக்கத் தொடக்கூடாது. அங்க சீட்டைக் கிழிச்சிருவாங்க."

மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோனால், சில்லிட்டுப்போனதைத் தின்றுவிட்டு, "இது கொஞ்சம் கிட்ட வருது" என்பான். அவளுக்கு உச்சந்தலை எரியும்.

மேனேஜர் வந்தார். "ஏதாவது ஒண்ணு சூடா குடும்மா. மீட்டிங் இருக்கு."

நாலு நாடும் நாசமாய்ப் போகட்டும் என்று அவள் தன் பழைய கபாப்பையே அடுப்பில் ஏற்றினாள். கொழுப்பு சொட்டிக் கரி சீறியது. ஓரம் முறுகி வந்தது. மேனேஜரின் தொண்டை ஏறி இறங்கியதை அவள் கவனித்தாள். ஆச்சு, இடம் நமக்குத்தான்! ரொட்டியில் வைத்துவிட்டு எலுமிச்சம்பழம் எடுக்கத் திரும்பினாள்.

அவள் திரும்புவதற்குள் தட்டு காலி. கொழுந்தன் ரொட்டியைச் சுருட்டி, வெள்ளித் தாளில் இறுக்கிக் கட்டி, அங்கிருந்து கொண்டுவந்த ஒரு கெட்டிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி! என்ன பண்றே?"

"வாசனை இறங்கணும், அண்ணி. கொஞ்சம் பொறுங்க சார், வெளிநாட்டு முறை."

பிடுங்கப் போனவளுக்கு அவன் முதுகைக் காட்டிக்கொண்டான். மேனேஜர் எதிரில் கட்டிப்புரண்டா சண்டை போட முடியும்? மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். ஒருவழியாகப் பொட்டலம் அவர் கைக்குப் போனது. பிரித்தார். ரொட்டி நனைந்த துண்டு மாதிரி தொங்கியது. முறுகல் இருந்த இடத்தில் தண்ணீர் வேர்த்திருந்தது. ஒரு கடி கடித்துவிட்டு மரியாதையாக மூடி வைத்தார்.

"வந்த வாசனையே வேறயா இருந்துச்சேம்மா... சரி, நாங்க முனை வண்டிக்காரரையே பேசிடறோம்."

"சார், இன்னொண்ணு அடுப்புலதான் இருக்கு! ஒரே ஒரு வாய் சார்!"

"மீட்டிங்மா."

அவர் தெருவைக் கடந்தார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அவள் அடுப்பிலிருந்த கம்பியை உருவிக் கொழுந்தன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்தா, தின்னு! எந்த நாட்டுல எந்தப் புண்ணியவான் இதப் பொட்டலம் கட்டி ஊற வெக்கிறான்னு தின்னுட்டுச் சொல்லு!"

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான், யாரோ சூபர்வைசர் நிற்பதுபோல. பிறகு கடித்தான். நாக்கு சுட்டு வாயைத் திறந்து ஹா ஹா என்று ஊதினான். துப்பவில்லை. கம்பி வெறும் கம்பியாகும்வரை தலை நிமிரவில்லை.

"கபாப்னா இவ்ளோ சூடாவா இருக்கும், அண்ணி?" என்றான். "பைக்ல கொண்டுபோய் வீடு வீடா குடுத்ததோட சரி, ஒரு பொட்டலத்தக்கூட நான் பிரிச்சதில்ல."