பெருமாள் படம் யாருடையது

எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து இயேசுவை இறக்கி அரிசி டிரம்முக்குள் வைத்தது நான்தான். வைக்கச் சொன்னவள் பக்கத்து வீட்டு லவினா.

மூடிப்போன தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனுக்கு இது புதிதல்ல. சாதிச் சான்றிதழுக்கு மனுப் போட்டால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்க்க வருவார். பட்டியல் சாதிக்காரர் சர்ச்சுக்குப் போகிறார் என்று தெரிந்தால் சான்றிதழ் கிடையாது. சட்டமே அப்படித்தான். அதனால் லைனில் பாதிப் பேருக்கு சர்ச்சில் ஒரு பேர், ஸ்கூலில் ஒரு பேர். லவினாவே ரேஷன் கார்டில் லட்சுமி. ஒரு வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் அந்த வீட்டு இயேசு டிரம்முக்குள் போவார், லவினாவின் பெருமாள் படம் சுவரில் ஏறும். கண்ணாடி ஒரு மூலையில் உடைந்த படம். லைன் முழுக்க அந்த ஒரு பெருமாள்தான் ஷிப்ட் போட்டு டியூட்டி பார்த்தார்.

நாங்கள் இருளர், பழங்குடி. எங்களுக்கு அந்தத் தடை இல்லை. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சட்டத்தில் இருளர் இருளர்தான். அது எனக்குத் தெரியாது, லவினாவுக்கும் தெரியாது. லைனில் எல்லாரும் பயந்தார்கள், நானும் பயந்தேன். என் மகள் ஜெனிட்டாவுக்கு சர்க்கார் காலேஜில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது. கெடுவுக்குள் சான்றிதழைக் காட்டினால் சீட் அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

இன்ஸ்பெக்டர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் வந்து நின்றார். “குட்மார்னிங் சார்” என்ற ஜெனிட்டாவை ஏற இறங்கப் பார்த்தார். “இருளன்னா பாம்பு புடிக்கணுமே, இவ இங்கிலீஷ் பேசறா?” என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சான்றிதழுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த பெருமாளிடம் போனார். உடைந்த மூலையை விரலால் தடவினார்.

“இவரை இதுக்கு முன்னால ரெண்டு வீட்டுல பாத்திருக்கேனே,” என்றார். போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

மனு தள்ளுபடி ஆனது. மதத்தை மறைத்துப் பொய் சொன்னோமாம்.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். “நீங்க மறைச்சிருக்கவே வேண்டாமேம்மா,” என்றார் அவர். அங்கிருந்து நேராகத் தெருக்குழாய்க்கு வந்தேன். லவினா குடத்தோடு நின்றிருந்தாள்.

“உன் பேச்சக் கேட்டு என் பொண்ணு வாழ்க்கை போச்சுடி!”

“நல்லதுக்குத்தான சொன்னேன்? எங்களுக்கு இன்னா சட்டமோ அதான உனக்கும்னு நெனச்சேன். நீ மட்டும் ஒசத்தின்னு நான் இன்னாத்தக் கண்டேன்?”

அவள் சொன்னதில் தப்பில்லை. இருந்தாலும் வாயில் வந்தபடி திட்டினேன். அவளும் விடவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. படம் என் வீட்டிலேயே கிடந்தது, அதைக் கேட்டுக்கூட அவள் வரவில்லை.

அப்பீல் போட்டோம். என் வீட்டுக்காரர் இன்பராஜ் ஒரு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும், வழக்கம்போல விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தார். விசாரணைக்கு நான் மட்டும்தான் போனேன். பெரிய அதிகாரிக்குப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் இருந்தார், மேஜைமேல் அவருடைய போன். அதில் உடைந்த மூலையோடு பெருமாள்.

“சட்டப்படி உனக்கு மதம் தடையில்ல, ஒத்துக்கறேன்,” என்றார் அதிகாரி. “ஆனா இந்தப் படத்தை வெச்சு உங்க லைன்ல ஏமாத்து வேலை நடக்குது. இது யாருதுன்னு சொல்லு. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

பேர் நாக்கு நுனியில் நின்றது. ஒரே ஒரு பேர். லவினாவின் மகன் ஸ்டீவன் அதே லைனில், அதே ஸ்கூலில், ஜெனிட்டாவோடு படித்த பையன். அவனுக்கும் அந்த மாதம்தான் சான்றிதழ் வேண்டும். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் மகளைப் பார்த்துச் சிரித்தாரே, அதே சிரிப்பைச் சிரித்தார். லவினா மேல் இருந்த என் கோபம் அப்படியே அந்த ஆள் மேல் பாய்ந்தது.

“என்னுது சார்,” என்றேன்.

“அப்ப மத்த ரெண்டு வீட்டுக்கு எப்படிப் போச்சு?”

“கேட்டாங்க, குடுத்தேன். சாமி படம்தான சார், இன்னா திருட்டு நகையா?”

“நீ கிறிஸ்டியன்!”

“ஆமா. ஏசுவையும் கும்பிடறேன், பெருமாளையும் கும்பிடறேன். எனக்குத் தடையில்லன்னு இப்பத்தான நீங்க சொன்னீங்க?”

அந்த லைனிலேயே அந்தப் படத்தைத் தைரியமாகச் சொந்தம் கொண்டாடக்கூடியவள் நான் ஒருத்திதான். அது அதிகாரிக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் கடுத்துப்போயிற்று. “மறுபடி வீட்டைப் பாத்து ரிப்போர்ட் குடுங்க,” என்று இன்ஸ்பெக்டர் பக்கம் ஃபைலைத் தள்ளினார். அதற்குள் காலேஜ் கெடு முடிந்துவிடும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

இந்த வருஷ சீட் போயிற்று.

“ஒரு பேரு சொல்லியிருந்தா போதும்மா,” என்றாள் ஜெனிட்டா. அப்புறம் என்னோடு பேசவில்லை.

அந்த வாரமே லவினா வாசலில் வந்து நின்றாள். “படத்தக் குடு. ஸ்டீவனுக்குப் பாக்க வராங்க.”

“தர மாட்டேன். ஆபீஸ்ல என்னுதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இனிமே உன் செவுத்துல அதப் பாத்தா உன் புள்ள காலி. புதுசா வாங்கு. லைன்ல எல்லார்கிட்டயும் சொல்லு, ஆளுக்கு ஒண்ணு, வேற வேற சாமியா.”

லவினாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜெனிட்டாவைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஜெனிட்டா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் டிரம்மைத் திறந்து, இயேசுவை எடுத்து, ஒட்டியிருந்த அரிசிமாவைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். பெருமாளுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள்.

ரிப்போர்ட் எழுத இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனிட்டா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“செருப்பக் கழட்டிட்டு வாங்க சார்,” என்றாள். “உள்ள ரெண்டு சாமி கீது.”