பன்னிரண்டு ஷாஃப்ட்

எதிர்த்தரப்பு வக்கீல் வருகைப் பதிவேட்டை விரித்து தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரின் மேஜைமேல் வைத்தபோது தெய்வாத்தாள் எட்டிப் பார்த்தாள். நீல மையில் இருபத்திரண்டு பெயர்கள். அவள் கணவன் நஞ்சுண்டனின் பெயர் எந்த வரியிலும் இல்லை.

"இந்த ஆள் எங்க கட்சிக்காரர் பட்டறையில வேலையே பார்க்கலீங்க. யாரையோ பார்க்க வந்தவர், தானா மிஷின்ல கைய வெச்சுட்டார்" என்றார் வக்கீல்.

கணபதிப் பகுதியிலிருந்த அந்த பம்ப் பட்டறைக்கு ஒன்பது வருஷம் அவனுக்குத் தூக்குப்போசியில் சோறு கட்டிக் கொடுத்தவள் அவள். பாதிப் பேரைப் பதிவேட்டில் ஏற்றமாட்டார்கள் என்பதும் தெரியும். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அப்படி ஏற்றாதவர்களைப் பின்கேட் வழியாக டீக்கடைக்கு அனுப்பிவிடுவார்கள். "இன்னைக்கு இன்ஸ்பெக்டர் புண்ணியத்துல ரெண்டு டீ, ஒரு போண்டா" என்பான் நஞ்சுண்டன். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். தொண்ணூற்று நாலு ஆடியில், லேத்தில் சுழன்ற இரும்பு தெறித்து அவன் செத்தான். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வரும்.

"அக்கா, அந்தச் சீட்டு" என்று அவளுடைய வக்கீல் சாஜிதா பேகம் கை நீட்டினாள்.

தெய்வாத்தாள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் கிடைத்த சீட்டு அது. 'நஞ்சுண்டன், பன்னிரண்டு ஷாஃப்ட், அளவு தப்பு. இனி இப்படி நடக்கக் கூடாது.' கீழே முதலாளி சுந்தரராஜுலுவின் கையெழுத்து. அதை வாங்கிய அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. ஷாஃப்ட் என்ற பம்புத் தண்டை லேத்தில் கடைந்து, கட்டைவிரலால் தடவியே அளவைச் சொல்கிறவன். அவன் அங்கே வேலை பார்த்தான் என்று சொல்ல மிஞ்சிய ஒரே காகிதம், அவன் செய்த ஒரே தப்பைச் சொல்கிற காகிதமாக இருந்தது.

"இதக் காட்டுனா அவரு கை சரியில்லைன்னு ஆயிருமுங்க, வக்கீலம்மா. செத்ததும் அவரு தப்புன்னுருவாங்க."

"காட்டலைன்னா அவர் அங்க இருந்ததே இல்லைன்னு ஆயிரும், அக்கா."

கொடுத்துவிட்டாள்.

சாஜிதா மேஜைமேல் வைத்த சீட்டை எதிர்த்தரப்பு வக்கீல் திருப்பிப் பார்த்து, "இத யாரு வேணும்னாலும் எழுதியிருக்கலாமுங்க" என்றார்.

தன் பம்ப் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமையடிக்கிறவர் சுந்தரராஜுலு. தன் வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவருக்குச் சீட்டைக் கண்டதும் பழைய கோபம் தலைக்கேறிவிட்டது.

"அவன் ஒரே நாள்ல பன்னெண்டு ஷாஃப்டக் கெடுத்துப்போட்டானுங்க! பல்லடத்துப் பார்ட்டிகிட்ட என்ற மானமே போச்சு. அன்னைக்கே நிறுத்தியிருக்கோணும். பாவம்னு நான்தான் வெச்சிருந்தேன்!"

வக்கீல் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

"அது வந்துங்க..."

"அவர் சொன்னத அப்படியே அடிங்கம்மா" என்றார் ஆணையர், தட்டச்சு செய்யும் பெண்ணிடம்.

தெய்வாத்தாள் எழுந்தாள். "அய்யா, அந்தப் பன்னெண்டத் தவிர ஒம்பது வருசத்துல அவரு கடைஞ்சது ஒண்ணு திரும்பி வந்துச்சான்னு கேளுங்க. அதையும் எழுதச் சொல்லுங்க."

ஆணையர் சுந்தரராஜுலுவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "இல்லீங்க. நல்ல கைதானுங்க" என்றார். அதுவும் தட்டச்சில் ஏறியது.

அடுத்த மாதத்துக்கு வாய்தா. முடிவு எப்படி வருமென்று சாஜிதாவுக்கும் தெரியாது. இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பட்டறையிலிருந்து பதிவேடுகளைச் சுமந்து வந்திருந்த லேத்துக்காரர் ரசாக், முதலாளியின் கார் கேட்டைத் தாண்டும்வரை தூணோரம் நின்றார். பிறகு மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க அக்கா... என்ற பேரும் அந்தப் பதிவேட்டுல இல்லீங்க. வக்கீலம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசலாமுங்களா?"

சாஜிதா பெஞ்சிலிருந்த வழக்குக் கட்டுகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தெய்வாத்தாள் நகர்ந்து இடம் விட்டாள். ரசாக் உடனே உட்காரவில்லை. உள்ளங்கைகளில் ஒட்டியிருந்த கிரீஸைக் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு உட்கார்ந்தார்.