பெயர் சொல்லிச் செய்த ஜெபம்

வத்தேகமையில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் கடைசி ஜெபம் புஷ்பத்துக்குத்தான். அவள் வாய் திறந்தால் பாஸ்டரே கதிரையில் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் நோயாளிகளையும் கஷ்டப்படுகிறவர்களையும் பொத்தாம் பொதுவாகச் சொல்லி முடித்துக்கொள்வார்கள். புஷ்பத்துக்கு அது ஆகாது. பெயர், வீடு, வியாதி எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்பாள், ஏதோ ஆண்டவருக்கு வத்தேகமைக்கு வழி தெரியாது என்பதுபோல.

அந்த வாய்தான் வினையாகிப் போனது.

பக்கத்து வீட்டு நிரஞ்சனி அவளுக்குக் கூடப்பிறக்காத தங்கை. ஒருநாள் உடுப்புக் காயப்போடும் இடத்தில் நின்று அழுதாள். அவள் புருஷன் ரவிகுமார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். குடியை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. அண்ணன் செத்த துக்கத்தில், சாவு வீட்டில் மறுபடி தொட்டுவிட்டான். மறுநாளே விட்டும்விட்டான்.

"யாருக்கிட்டயும் சொல்லிறாதீங்க அக்கா. ஜெபத்துல மட்டும் வச்சுக்கங்க" என்றாள் நிரஞ்சனி.

புஷ்பமும் ஜெபத்தில்தான் வைத்தாள், சத்தமாக. அந்த வெள்ளிக்கிழமை நிரஞ்சனி கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை. மறுபடி குடியில் விழுந்த சகோதரன் ரவிகுமாரை மன்னிக்கும்படி புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிக் கேட்டாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். வேன் சொந்தக்காரரின் மனைவி நிஷாந்தினியும் ஆமென் என்றாள். திங்கட்கிழமை வேறொருவன் வேனை ஓட்டினான்.

புஷ்பம் ஓடிப்போய் நிஷாந்தினியிடம் கெஞ்சினாள். பிள்ளைகள் ஏறுகிற வேன், தெரிந்த பிறகு எப்படி விடுவது என்றாள் அவள். அதில் பிழை சொல்ல முடியாது. அதோடு விட்டிருக்கலாம்.

"நீங்க ஏன்க்கா மனசு வருத்தப்படுறீங்க? நீங்க ஜெபம்தானே பண்ணீங்க" என்றும் சொன்னாள்.

அதுதான் சுருக்கென்று தைத்தது. ஜெபம்தானா அது? ரவிகுமாரின் பெயர் வந்ததும் கூடம் கப்சிப் என்று அடங்கியது புஷ்பத்துக்கு நினைவிருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொன்னாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

காலையில் முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து தினமும் சொல்லுகிற ஜெபம்தான். அன்றைய சாப்பாட்டைக் கேட்டு, அடுத்த மூச்சிலேயே மன்னிப்பையும் கேட்கிற ஜெபம். ஊரார் பாவத்துக்கெல்லாம் மடைதிறந்து பேசிய நாக்கு, தன் பாவத்துக்கு வந்ததும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனாள். ரவிகுமார் வேனுக்குப் போகிற நேரத்துக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. நிரஞ்சனி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நான் ஜெபம் பண்ணல நிரஞ்சனி. உன் வீட்டு விஷயத்த ஊருக்குச் சொன்னேன். என்னை மன்னிச்சிரு."

துருவுகிற கை நின்றது.

"மன்னிக்கத்தான்க்கா செய்றேன். ராத்திரி மன்னிச்சிட்டுத்தான் படுக்குறேன். காலையில இவரு சட்டையப் போட்டுக்கிட்டு இப்படி உக்காந்திருக்கிறதப் பார்த்தா, மன்னிச்சதெல்லாம் போயிருது. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்." பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "இன்னைக்கு மன்னிச்சிட்டேன். நாளைக்கும் வந்து கேளுங்க."

புஷ்பம் வீட்டுக்கு வந்து அழுதாள். கூட்டத்தில் அழுகிற அழுகையல்ல, பார்க்க ஆளில்லாத அழுகை.

மறுநாள் காலை ஜெபத்தில் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னாள். அது அவளுடைய பெயர். வெளியே வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நிரஞ்சனி திறந்தாள். முகம் நேற்றைய முகமல்ல, இறுகிப்போயிருந்தது.

"என்னை மன்னிச்சிரு" என்று புஷ்பம் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.