எதிர்வீட்டு ஜன்னல் கம்பி

என் வீட்டுக்காரர் செம்பியனுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணாவது தங்குமா என்பதுதான் இப்போது எங்கள் வீட்டுக் கவலை. வந்து விசாரிக்கிறவர்கள் எல்லாரும் சர்க்கரையைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். சர்க்கரைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வருவது எங்கள் புதுக் கேமராவின் மேல். அது அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கக் கூடாது.

கடலூர் செம்மண்டலத்தில் எங்களுக்கு ஸ்டுடியோ. கீழே கடை, மாடியில் வீடு. அவர் படம் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் செய்வேன், என் தம்பி அறிவழகன் வீடியோ பார்த்துக்கொள்வான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவோம்.

பழைய கேமரா புதுச்சேரியில் குடியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரருடையது. ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனார். டிஜிட்டல்தான், ஆனால் பார்ப்பதற்குப் பிலிம் காலத்துக் கேமரா மாதிரி இருக்கும், செங்கல்லாகக் கனக்கும். அதில் எதுவும் தானாக நடக்காது. படம் விழுவது லென்ஸ் வழியாக, நாம் பார்ப்பது மூலையில் இருக்கிற வேறொரு சின்னக் கண்ணாடி வழியாக. அந்தக் கண்ணாடியில் வலது கண்ணை வைத்தால் நடுவில் பளிச்சென்று ஒரு கட்டம் தெரியும். கட்டத்துக்குள் எதிரில் நிற்கிறவர் இரண்டு பேராகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான உடனே பட்டனை அமுக்கிவிட வேண்டும்.

இந்த வித்தை கடலூரில் வேறு யாருக்கும் வராது என்று அவருக்கு ஒரே பெருமை. மற்ற போட்டோகிராபர்களை எல்லாம் பட்டன் அமுக்குகிற ஆட்கள் என்பார். சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்த டாக்டர் வருஷா வருஷம் கண்ணைக் காட்டச் சொன்னபோதும் அதே பெருமைதான் பேசியது. பஸ் திரும்பும்போதே போர்டைப் படிக்கிறவனுக்கு என்ன கண் பரிசோதனை என்று கேட்டார். படிக்கவும் செய்தார், இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு.

கேமராவில் கோளாறு இருக்கிறது என்று அவர் முதலில் சொன்னது ஒரு மழைக்கால மத்தியானம். மாடி வராண்டாவில் நின்று எதிர்வீட்டு இருசம்மாளின் ஜன்னலைக் குறிபார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸைச் சோதிக்க அவருக்கு எப்போதும் அந்த ஜன்னல்தான். கம்பிகள் நேராகக் கோடு போட்டதுபோல் நிற்கும்.

"கம்பி நடுவுல வளைஞ்சி தெரியுது செல்வி. உப்புக்காத்துல உள்ள பூஞ்சை புடிச்சிருக்கு போல" என்றார்.

எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கொஞ்சம் மங்கல்தான், ஆனால் கம்பிகள் நேராக இருந்தன. படத்தில் நேராகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். அவரிடம் பதில் தயாராக இருந்தது. இந்தக் கேமராவில் லென்ஸ் வேறு, பார்க்கிற கண்ணாடி வேறு. கெட்டுப்போனது பார்க்கிற கண்ணாடி, அதனால் படத்தில் தெரியாது, ஆனால் போகஸ் தப்பும் என்றார். வேறு எந்தக் கேமராவாக இருந்தாலும் அந்தப் பதில் செல்லாது. இந்தக் கேமராவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. தொழில் தெரிந்தவர் சொல்கிறார், நான் என்ன சொல்வது?

சென்னைக்கு சர்வீசுக்கு அனுப்பினார். எல்லாம் சரியாக இருக்கிறது, துடைத்து அனுப்பியிருக்கிறோம் என்று திரும்பி வந்தது. இந்தக் கேமராவைப் பற்றி அவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்று திட்டினார்.

அப்புறம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் காட்டுமன்னார்கோயில்காரர்கள். கெட்டிமேளம் கொட்டும்போது வழக்கம்போல் பழைய கேமராவைத்தான் கையில் எடுத்தார். வந்து கம்ப்யூட்டரில் போட்டால், தாலி கட்டுகிற அத்தனை படத்திலும் பெண்ணின் முகம் புகையாக இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தவில்காரரின் மோதிரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்த பெண்ணின் அம்மா கடையிலேயே உட்கார்ந்து அழுதார். இவர் தலைகுனிந்து நின்றார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

அடுத்த முகூர்த்தத்துக்குள் புதுக் கேமரா வந்துவிட்டது. மிரர்லெஸ் என்கிற புது ரகம். அதில் கண்ணை வைத்துப் பார்க்கவே வேண்டாம். கையை நீட்டிப் பிடித்து, பின்பக்கத் திரையைப் பார்த்தால் போதும். எதிரில் மனுஷ முகம் வந்தால் அதுவே கண்ணைத் தேடிப் பிடித்து, கண்மேல் பச்சைக் கட்டம் போட்டு, 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். மணப்பெண் குனிந்தாலும் திரும்பினாலும் கட்டம் கண்ணைவிட்டு நகராது. இருட்டிலும் தப்பாது.

அறிவழகனுக்குத் தலைகால் புரியவில்லை. "மாமா, இனிமே நீங்க கண்ண மூடிக்கிட்டே எடுக்கலாம்" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார்.

அந்த வருஷம் முழுக்க இரண்டு கேமராவையும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரே ஜன்னல், ஒரே வெயில், இதில் ஒரு படம், அதில் ஒரு படம். போட்டோகிராபர்களின் வாட்ஸ்அப் குழுவில் பக்கம் பக்கமாகப் போடுவார். பழசில் நிறம் நல்லது, தோல் நிறம் உயிரோடு வருகிறது, ஆனால் நம்ப முடியாது. புதுசில் நிறம் கொஞ்சம் செத்தது, ஆனால் ஒரு படம்கூடத் தப்பவில்லை. இதுதான் அவர் தீர்ப்பு. பழசு டப்பாவுக்குள் போய்விட்டது. அதோடு, அவர் வலது கண்ணை மட்டும் தனியாக எதிலும் வைத்துப் பார்ப்பதும் நின்றுபோனது.

பழசை விலைக்குக் கேட்டு சிதம்பரத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். அன்பரசு என்று பெயர், கல்லூரியில் வாத்தியார், பழைய கேமராக்கள் சேர்க்கிறவர். என் வீட்டுக்காரருக்குக் கொடுக்க மனசில்லை, வைத்திருந்தும் பிரயோஜனமில்லை. என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பரங்கிப்பேட்டை பிரிகிற இடத்தில் மண் லாரி ஒன்றை வலது பக்கமாக முந்தினார். எதிரே வருகிற வண்டியை அவர் எந்தக் கண்ணால் பார்த்தார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அன்பரசு வீடு வடக்கு வீதியில், மாடியில். காப்பி வந்தது. இவர் கேமராவை எடுத்து மேஜையில் வைத்தார். பொய் சொல்லி விற்கிற ஆள் இல்லை. "ஒரு கொறை இருக்கு சார். பாக்குற கண்ணாடியில நேர்கோடெல்லாம் வளைஞ்சி தெரியும். தெரிஞ்சே வாங்கிக்குங்க" என்றார்.

அன்பரசு ஜன்னலோரம் போய் எதிர் மாடியின் கிராதியைப் பார்த்தார். வளையத்தைத் திருகினார். தனக்கு நேராகத்தான் தெரிகிறது என்றார். இவருக்குச் சுருக்கென்றது. விற்க வந்தவன் குறையைச் சொல்லும்போது வாங்குகிறவர் மரியாதைக்காக மறைக்கிறார் என்று நினைத்தார். என்னைக் கூப்பிட்டு, நீ பார் என்றார். பார்த்தேன். கிராதி இரண்டாகத் தெரிந்தது, திருகினேன், ஒன்றானது. எல்லாக் கம்பிகளும் நேராக நின்றன.

நான் கேமராவை இறக்கவே இல்லை. இறக்கினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவர் வாங்கி வலது கண்ணில் வைத்தார். "வளைஞ்சிதான இருக்கு? நடுவுல கருப்பா வேற இருக்கு, முன்ன இது இல்ல" என்றார்.

அன்பரசு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், எடது கண்ணுல வச்சிப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இவர் இடது கண்ணுக்கு மாற்றினார். மறுபடி வலது, மறுபடி இடது. பிறகு கேமராவை உறையில் போட்டுப் பட்டனை மாட்டினார். "விக்கல சார், தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். பைக்கை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். வழியெல்லாம் ஒரு கண்ணைப் பொத்துவதும் திறப்பதுமாகவே வந்தார்.

கண் டாக்டர் ஒரு சின்னப் பெண், ஜெயராணி என்று பெயர். சதுரம் சதுரமாகக் கோடு போட்ட ஒரு அட்டையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோடுகள் வளைகிறதா என்று கேட்டார். இவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இருசம்மாள் வீட்டு ஜன்னல்தான், காகிதத்தில்.

வலது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, இனி வராது என்றார் டாக்டர். இடது கண்ணிலும் நீர் கோக்க ஆரம்பித்திருக்கிறது, ஊசி போடலாம், நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் வலது கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமாம். அப்போது ஒரு அறிகுறிகூடத் தெரியவில்லையா என்று கேட்டார்.

"கேமரா சொல்லிச்சி டாக்டர். நாந்தான் கேமராவ ரிப்பேருக்கு அனுப்பிட்டேன்" என்றார் இவர்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பழசு மட்டும் கையில் இருந்திருந்தால், இன்னும் நாலு தாலி புகையாகப் போயிருக்கும், நாலு பேர் கடையில் வந்து கத்தியிருப்பார்கள், யாராவது ஒருவர் உன் கண்ணைக் காட்டு என்று சொல்லியிருப்பார். புதுசு ஒருவரையும் சொல்ல விடவில்லை. அவர் பார்க்க வேண்டியதையெல்லாம் அதுவே பார்த்துக் கொடுத்துவிட்டது.

ஊசி கண்ணுக்குள்ளேயே போடுவது. அவர் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறார். புதுக் கேமராவோடு அறிவழகன்தான் இப்போது முகூர்த்தங்களுக்குப் போகிறான். தினமும் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் கொடுத்த அட்டையைச் சுவரில் ஒட்டினேன். இவர் அதைச் சட்டை செய்யவில்லை. காலையில் எழுந்ததும் பழைய கேமராவை எடுத்து, இடது கண்ணில் வைத்து, வராண்டாவிலிருந்து எதிர்வீட்டு ஜன்னலைப் பார்ப்பார். "நேரா இருக்கு செல்வி" என்று குரல் வரும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அடுப்படியில் கையே ஓடும்.

இன்று காலை குரல் வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். கேமரா இன்னும் கண்ணில்தான் இருந்தது. இறக்கினார், வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி வைத்தார்.

"இருசம்மா வூட்ல ஜன்னல மாத்திட்டாங்களா?"

எட்டிப் பார்த்தேன். ஈரத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. "இல்லியே, அதே ஜன்னல்தான்" என்றேன்.

"கம்பி?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தக் கம்பிகளைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

"நேராத்தாங்க இருக்கு."

கேமராவை மடியில் வைத்துக்கொண்டார். கீழே கரும்பு லாரி ஒன்று போனது. பிறகு என் பக்கமாக, ஆனால் என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, திரும்பினார்.

"அப்ப கேமராவுலதான் ஏதோ கோளாறு. சர்வீசுக்கு அனுப்பணும்."

அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டம்ளரை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன்.

"அனுப்பலாங்க" என்றேன்.