கதவு தட்டிய நாளில் வந்த அப்டேட்

தக்கொராடித் துறைமுக ஊரின் மார்க்கெட் வட்டத்தில், பா குவெசியின் செல்போன் ரிப்பேர் கடைக்கு முன்னால் ஒரு நீள பெஞ்சு உண்டு. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் மூன்று பேர் அதில் உட்கார்ந்து, உலகத்தில் வந்த, வரப்போகிற அத்தனை போன்களையும் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். அந்தப் போன்களில் ஒன்றாவது உங்கள் கையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கக் கூடாது. கோபம் வந்துவிடும்.

கடைக்காரன் பா குவெசி ஊர்ப் போன்களையெல்லாம் பிரித்து மேய்வான். அவனுடைய சொந்தப் போனில் ஸ்பீக்கர் ஒன்றரை வருஷமாக வேலை செய்யவில்லை. தையல்காரன் ஜோஜோ டேப்லெட் கட்சி. சட்டை மாதிரிகளைக் காட்டத்தான் வாங்கினேன் என்பான். ஆனால் அளவு கொடுக்கப் போனவர்கள், அந்தத் திரையில் எத்தனை கோடி நிறம் தெரியும் என்று அவன் சொல்லக் கேட்டுவிட்டு அதே பழைய சட்டையோடு திரும்பி வருவார்கள். மூன்றாமவன் எபோ, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இந்தக் கூட்டத்தின் மூளை. இந்தக் கதையின் முட்டாளும் அவன்தான். பிற்பாடு அவனே அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த மாதம் ஊருக்கு ஃபைவ் ஜி வந்துவிட்டது என்று பேச்சு. வந்தது உண்மைதான், ஆனால் ரொட்டிக்கடை வாசலில் இரண்டாவது படிக்கு மட்டும். முதல் படிக்கு இறங்கினால் ஃபோர் ஜி; கடைக்குள் போனால் அதுவும் கிடையாது. எபோ மூன்று வாரத்துக்கு முன்தான் ஒரு போன் வாங்கியிருந்தான். ஐரோப்பாவில் யாரோ தேய்த்துத் தள்ளிவிட்டது, ஆனாலும் அவனுக்கு அது புதுசு. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டாவது படியில் ஏறி நின்று வேகத்தை அளந்தான்.

"எவ்வளவுடா?" என்று கீழே இருந்து கத்தினான் ஜோஜோ.

"அறுநூத்திப் பன்னெண்டு!"

மூவரும் நடுத்தெருவில் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கட்டிப் பிடித்த கை விலகுவதற்குள் போனில் செய்தி வந்தது: உங்கள் டேட்டா தீர்ந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு வாங்கியது மொத்தமும் வேகம் அளந்ததிலேயே போய்விட்டது.

"போகட்டும் மச்சான். வேகம் இருக்குன்னு தெரிஞ்சுகிட்டோம்ல?" என்றான் பா குவெசி.

"இருக்குன்னு தெரியும், இனிமே அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுன்னும் தெரியும்," என்றான் எபோ. "எனக்குப் போய் கணக்கு வாத்தியார் வேலை கொடுத்தவனைச் சொல்லணும்."

அந்த நேரம் பார்த்து அராபா வந்தாள். தீயணைப்பு நிலையத்தில் வேலை. டியூட்டி முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். எபோவைக் கட்டிக்கொள்வதாக இருப்பவள். ரொட்டிக்கடை வாசலில் மூன்று ஆண்பிள்ளைகள் படிக்குப் படி ஏறி இறங்கிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் கை கட்டிப் பார்த்தாள்.

"என்னத்தைத் தொலைச்சீங்க?"

"சிக்ஸ் ஜி வந்தா இந்தப் படி ஏறுற வேலையே இருக்காது அராபா," என்று ஆரம்பித்தான் ஜோஜோ.

"பத்தாவது ஜி வரட்டும். உங்க வாத்தியார் அஞ்சு மணிக்கு வரேன்னு சொன்னா ஏழு மணிக்குத்தான் வருவார்."

அவனைத் தனியே கூப்பிட்டு அவள் சொன்ன செய்தி இதுதான். அடுத்த சனிக்கிழமை எபோ வீட்டார் ஷாமாவில் அவள் வீட்டுக்கு வந்து கதவு தட்டுவதாக ஏற்பாடு. இரண்டு புட்டி ஷ்னாப்ஸ் சாராயத்தோடு வந்து பெண் கேட்க வேண்டும். அதற்குச் சரி சொல்ல வேண்டியவர் தாய்மாமன். அராபாவின் மாமா ஆன்சா சரக்குக் கப்பலில் மெக்கானிக். அன்று ஒரு நாள்தான் கப்பல் ராட்டர்டாமில் நிற்கும், மத்தியானம் கிளம்பிவிடும். அதை விட்டால் மாமாவைப் பிடிக்க மூன்று மாதம் ஆகும்.

"மாமா காதுக்கு எல்லாம் போயிருக்கு," என்றாள் அராபா. "மாப்பிள்ளை போன் பைத்தியமாமே, அவனே வீடியோ போடட்டும், மூஞ்சியைப் பார்த்துட்டுத்தான் சொல்வேன்னாராம்."

"அவ்வளவுதானா? என் போன் கேமராவுல மாமாவுக்கு என் மூஞ்சி என்ன, மனசே தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. "போன மாசம் என் பிறந்தநாளுக்குக் கடற்கரைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? கெங்கிச் சோள உருண்டையையும் மீனையும் நாப்பது நிமிஷம் படம் எடுத்த. வெளிச்சம் மாத்தி மாத்தி. நான் தனியாச் சாப்பிட்டு முடிச்சேன். அதனால சொல்றேன். அன்னிக்கு மாமாவைக் கூப்பிடுறதைத் தவிர அந்தப் போன்ல நீ வேற எதையும் தொடக் கூடாது. தொட்டா நான் சரின்னு சொல்ல மாட்டேன் எபோ. விளையாட்டுக்குச் சொல்லல."

"சத்தியமாத் தொட மாட்டேன்," என்றான் எபோ. சொல்லும்போது அவன் மனசில் கள்ளம் எதுவும் இல்லை. நம் ஆட்கள் சத்தியம் செய்யும்போது யாருக்கும் கள்ளம் இருப்பதில்லை.

சனிக்கிழமை காலை எபோவின் பெரியவர்களோடு பா குவெசியும் ஜோஜோவும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்கள். தொழில்நுட்ப உதவிக்காம். ஜோஜோ டேப்லெட்டும் கொண்டுவந்திருந்தான். ஷாமா போய்ச் சேருவதற்குள் வேனில் பக்கத்து இருக்கைக்காரனுக்கு நிறம் காட்டிக் காட்டி அதில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அராபா வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது, பேச்செல்லாம் பெரியவர்கள்தான். எபோவின் சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"இந்தப் பக்கமாப் போயிட்டிருந்தோம். உங்க தோட்டத்துல ஒரு அழகான பூ கண்ணுல பட்டுது. பறிச்சுட்டுப் போகலாமான்னு கேட்டுட்டுப் போக வந்தோம்."

பெண் வீட்டுக்காகப் பேச வந்தவள் எகுவா அத்தை. அவள் வாயில் விழுந்து மீண்டவர்கள் ஷாமாவில் குறைவு. "எங்க தோட்டத்துல மரவள்ளிதான் இருக்கு. நீங்க எந்தப் பூவைக் கண்டீங்க? கண்ணாடி போட்டுக்கிட்டுதான் பார்த்தீங்களா?"

கூடம் சிரித்தது. பேச்சு இப்படியே ஒன்றரை மணி நேரம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமாவைக் கூப்பிட வேண்டிய நேரம் பதினொன்றரை. இப்போது பத்தே முக்கால். பேசவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த எபோவின் கையில் போன் ஒரு தரம் அதிர்ந்தது.

புதிய அப்டேட் தயார். வீடியோ அழைப்பின் தெளிவு மேம்படுத்தப்பட்டுள்ளது. பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

இந்த அப்டேட்டுக்காக அவன் தவம் கிடந்தவன். ஜெர்மனியில் உள்ளவர்களுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கம்பெனிக்கு மூன்று தரம் மனு எழுதியிருந்தான். விசேஷ நாளில் யாரும் அப்டேட் போடக் கூடாது என்பது பெஞ்சுக்காரர்கள் மூவரின் வாட்ஸ்அப் குழுவின் முதல் விதி. அதை எழுதியவனும் அவனே. ஆனால் இது வீடியோ அழைப்புக்கென்றே வந்த அப்டேட் அல்லவா? மாமாவுக்காகத்தானே? பன்னிரண்டு நிமிடம் போனால் பத்து ஐம்பத்தேழு; அதற்கு மேலும் அரை மணி கையில் இருக்கிறது. கணக்கு வாத்தியார் கணக்குப் போட்டார். கட்டைவிரல் போய்ப் பதிந்தது.

பதினெட்டு சதவீதம் வரை நன்றாக ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

பதினொன்று ஆயிற்று, பதினெட்டு. பதினொன்றே கால் ஆயிற்று, அதே பதினெட்டு. எபோவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த பா குவெசி எட்டிப் பார்த்தான். 

"அடப்பாவி, இன்னிக்கா?" என்று காதில் முணுமுணுத்தான். "தொடாத. இப்ப ஆஃப் பண்ணினா அது வெறும் செங்கல்தான்."

"நானும் செங்கல்தான் மச்சான்."

எதிரே பெண்களோடு உட்கார்ந்திருந்த அராபா இதைப் பார்த்தாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். நான் எதிர்பார்த்ததுதானே என்பது போல இருந்தது.  இவளை இழந்துவிடுவோம் என்று முதல் தடவையாக, நிஜமாகவே, பயந்தான்.

"மணி பதினொன்றரை," என்றாள் எகுவா அத்தை. "ஆன்சாவைக் கூப்பிடுங்க மாப்பிள்ளை. உங்க அதிசயத்தைப் பார்ப்போம்."

எபோ அசையவில்லை. கூடம் அவனையே பார்த்தது. அப்போது அத்தையின் மடியில் இருந்த போன் அலறியது. எங்கள் பக்கத்தில் பொத்தான் போனுக்குக் கிழங்கு என்று பெயர். தேங்காய் உடைத்தாலும் உடையாது, ஒரு தரம் சார்ஜ் போட்டால் ஒரு வாரம் நிற்கும், மூன்றாவது வீடு வரைக்கும் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூவரும் ஆயிரம் தரம் கேலி செய்த சாமான்.

"எகுவா! நான் ஆன்சா பேசறேன்." ஸ்பீக்கர் போடாமலே கூடம் முழுக்கக் கேட்டது. "அந்தப் பையன் ஏன் வீடியோ போடல? என்னன்னு கேளு."

சித்தப்பா ஏதோ சமாளிக்க எழுந்தார். எபோ போனை மேசையில் வைத்துவிட்டு அவருக்கு முந்திக்கொண்டான். மாப்பிள்ளை பேசக் கூடாது என்ற வழக்கம் அங்கேயே உடைந்தது.

"மாமா, நான்தான் எபோ. தப்பு என்னோடது. அப்டேட் வந்துச்சு. தொட மாட்டேன்னு அராபாகிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். தொட்டுட்டேன். போன் போச்சு."

போனில் அலைச் சத்தமும் எங்கோ இரும்பு இரும்பில் மோதும் சத்தமும் மட்டும் கேட்டன.

"எத்தனையில நிக்குது?" என்றார் மாமா.

"என்னது மாமா?"

"சதவீதம்யா. எத்தனை?"

"பதினெட்டு."

"என்னோடது நாப்பத்திமூணு." மாமா பெருமூச்சு விட்டார். "அதே கம்பெனிதான். காலையில இருந்து சுத்திக்கிட்டே கெடக்கு. இது சமையல்காரன் போன். வீடியோ தெளிவா வரும்னு கம்பெனிக்காரன் போட்டிருந்தான்யா, படுபாவி."

கூடம் வெடித்துச் சிரித்தது. ஜோஜோ நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். எபோவுக்கு உயிர் வந்தது. நம்ம ஆளு, தப்பித்தோம் என்று நினைத்தான்.

"சிரிக்காதீங்க," என்றார் மாமா. குரல் மாறியிருந்தது. "எகுவாவுக்குத் தெரியும். ரேடியோ, கேசட், அப்புறம் போன். எனக்கு எப்பவும் கையில ஒண்ணு இருக்கும். பதினோரு வருஷம் என் பொண்டாட்டி என் எதிர்ல உட்கார்ந்து தனியாச் சாப்பிட்டா. ஒருநாள் அவ போயிட்டா. அவ போனது தெரியவே எனக்கு அரை நாள் ஆச்சு. இந்த ரகத்தை எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. அதனால நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. புள்ளையைக் கேளுங்க. மூணு தடவை கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. எகுவா அத்தை அராபாவின் பக்கம் திரும்பினாள்.

"அராபா, இந்தப் புட்டியை வாங்கிக்கட்டுமா?"

அராபா தரையைப் பார்த்தபடி இருந்தாள்.  எபோவின் சித்தப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அராபா, வாங்கிக்கட்டுமா?"

"எபோ," என்றாள் அவள், நேராக அவனைப் பார்த்து. "நான் எதுக்கு அப்படிச் சத்தியம் வாங்கினேன்னு உனக்குப் புரிஞ்சுதா?"

"அன்னிக்கு நாப்பது நிமிஷம் கெங்கியைப் படம் எடுத்தேன்," என்றான் எபோ.  "நூத்திப் பதினாலு படம். ராத்திரி வீட்டுல போய்ப் பார்த்தேன். அதுல ஒண்ணுல கூட நீ இல்ல."

 அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து மேசையில், புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த எபோவின் போன் பளிச்சென்று ஒளிர்ந்து, டிங் டிடிங் டிங் என்று பாடியது.

கூடத்தில் எல்லாத் தலையும் போனை நோக்கித் திரும்பியது. பா குவெசி பாதி எழுந்தேவிட்டான். கிழங்கு போனிலிருந்து மாமாவின் குரல் துள்ளியது.

"வந்துடுச்சா? அந்தப் பாட்டுதானே அது? டேய் தம்பி, எந்தப் பதிப்புன்னு பாரு! சூடாகுதா?"

எபோவின் கழுத்து நமநமவென்று அரித்தது. ஒரு அங்குலம் திரும்பினால் போதும். நாலு வாரக் காத்திருப்பு கை எட்டும் தூரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டான். அராபாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. இரண்டு வருஷப் பழக்கத்தில் அவன் அதைப் பார்த்ததே இல்லை.

"தெரியல மாமா," என்றான். "நான் பார்க்கல."

எகுவா அத்தை மூன்றாவது தடவையாகக் கேட்க வாயைத் திறந்தாள்.

"வாங்கிக்கோங்க அத்தை," என்றாள் அராபா, கேட்கும் முன்னே.

பெண்கள் குரவையிட்டார்கள். எகுவா அத்தை இரண்டு புட்டிகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளிருந்து ஜொலோஃப் சோற்றுத் தட்டுகள் வரத் தொடங்கின. இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவில் மாமா லைனை வைக்கவில்லை.

"சந்தோஷம்மா, நல்லா இருங்க," என்றார்.  கொஞ்சம் பொறுத்து, மெல்ல, "யாராவது அது எந்தப் பதிப்புன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்களேன்," என்றார்.

எபோ அராபாவைப் பார்த்தான். அவள் எட்டி மேசையிலிருந்த போனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள். தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டுட்டுச் சொல்றோம் மாமா," என்றாள்.